காண்போர் கடன்

மனிதனுடைய செயல்களுள் எவருக்கும் தீங்கு விளைக்காதது எது என வினவின், காண்டல் என்றே பெரும்பாலானோர் விடை கூறுவர். எடுப்பவன் ஒன்றைக் குறைக்கின்றான். அடிப்பவன் ஒன்றை நோவச் செய்கின்றான். காண்பவனோ கண்ட பொருளை இருந்தபடியே விட்டுச் செல்கின்றான் என்பது பொதுவான எண்ணம். மலையைக் கண்டதனால் மலை தேய்வதில்லை. விண்மீனை நோக்கியதனால் அதன் ஒளி மங்குவதில்லை. விஞ்ஞான முயற்சிகள் அனைத்துக்கும் அடிப்படையாய் அமைந்த அவதானிப்பும் இவ்வாறு குற்றமற்றதொரு செயலாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின், காணப்படும் பொருள் உயிருள்ளதாயும், தன்னைக் காண்பவரைத் தானும் காணவல்லதாயும் இருக்குமிடத்து இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும்? அருகிவரும் பறவையொன்று கூடு கட்டி முட்டையிட்டிருக்கும் இடத்தை ஒருவர் அறிய நேரின், அதனை அணுகிக் காண்பதற்கு அவருக்கு உரிமை உண்டா? உண்டெனின் அவ்வுரிமையின் எல்லை யாது? இவ்வினாக்கள் பறவையியலாளருக்கு மாத்திரம் உரியவையல்ல. அறிவுக்கும் அறத்துக்கும் இடையிலுள்ள தொடர்பைப் பற்றிய பழைய வினாவே இங்கு ஒரு கூட்டின் அளவுக்குச் சுருங்கி நிற்கின்றது.

கூட்டிலிருக்கும் பறவையின் நிலையிலிருந்து இதனை நோக்குதல் முதற்கண் அவசியமாகும். மன்னார்ப் பகுதியின் உவர்நிலங்களிலும் மணற்பரப்புக்களிலும் உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த சிறு பறவையொன்று வாழ்கின்றது. நீண்டகாலமாக வேறோர் இனத்தின் கிளையாகவே எண்ணப்பட்டு வந்த இப்பறவை, 2023 ஆம் ஆண்டிலேயே தனியினமாக ஏற்கப்பட்டு, அனுமன் உப்புக்கொத்தி எனப் பெயர் பெற்றது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இது இனம்பெருக்குகின்றது. இதன் கூடு மரத்திலும் இல்லை, புதரிலும் இல்லை. வெறுந்தரையில் உள்ள சிறு குழியே அதன் கூடு. முட்டைகள் மணலின் நிறத்தையும் புள்ளிகளையும் ஒத்திருத்தலே அவற்றுக்குள்ள ஒரே காவல். அருகில் நிற்பவருக்கும் கூடு புலப்படாது. காணச் சென்றவரே அறியாமல் மிதித்துவிடவுங் கூடும்.

இவ்வாறான தரைக்கூட்டில் தாய்ப்பறவை அமர்ந்திருப்பது குளிர் போக்குவதற்கு மாத்திரமன்று. நண்பகல் வெயிலில் மணல் கொதிக்கும்பொழுது, முட்டைகளுக்கு மேல் நின்று தன் உடலையே நிழலாக்கி அவற்றைக் காப்பதும் அதன் தொழிலாகும். நமது வயல்வெளிகளிற் கூடுகட்டும் ஆட்காட்டி, நீர்நிலைக்குச் சென்று வயிற்றிறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதைப் பறவையியலாளர் பதிவு செய்துள்ளனர். மனிதன் அணுகியதும் பறவை எழுந்து அப்பாற் செல்கின்றது. அவன் நின்று நோக்கும் அந்தக் கால் மணி நேரம் அவனுக்கு இன்பம். திறந்து கிடக்கும் முட்டைகளுக்கோ அது வெயில். சில வேளைகளில் அக்குறுகிய பொழுதே கருவின் உயிரைப் போக்கப் போதுமானது. முட்டைகளுக்குத் தப்பிய ஆபத்து குஞ்சுகளுக்கும் உண்டு. மரக்கூடுகளிற் பறக்கும் பருவத்தை நெருங்கிய குஞ்சுகள், அச்சத்தினால் உரிய காலத்துக்கு முன்னரே கூட்டைவிட்டுக் குதித்துவிடுவதுண்டு. பறவை எழுந்த இடத்தைக் காகம் மேலிருந்து கவனிக்கின்றது. கூடு கட்டுங் காலத்திலும் முட்டையிடத் தொடங்குங் காலத்திலும் தொந்தரவுக்கு உள்ளாகும் பறவைகள் கூட்டையே கைவிட்டுச் செல்வதுமுண்டு.

எனவே, காண்டல் என்பது செயலற்ற நிலை என்ற எண்ணம் இங்கு தகர்ந்துவிடுகின்றது. கூட்டை அணுகுபவன் கையால் எதனையுந் தொடாதவனாக இருக்கலாம். ஆயினும் அவனது வரவு ஒரு செயல். அவனது நிற்றலும் ஒரு செயல். கொல்ல வந்தவனையும் கண்டு களிக்க வந்தவனையும் வேறுபடுத்தி அறியும் ஆற்றல் பறவைக்கு இல்லை. அதன் கண்ணுக்கு இருவரும் ஒருவரே.

இவ்விடத்தில் நோக்கம் பற்றிய வாதம் எழுகின்றது. ஒரு செயலின் நன்மை தீமை அதனைச் செய்தவரது சித்தத்திலேயே தங்கியுள்ளது என்பது ஒழுக்கவியலில் ஒரு சாராரின் முடிபு. ஜேர்மனியத் தத்துவஞானியான இமானுவேல் கான்ற் இச்சாரார்க்குத் தலைவராகக் கொள்ளப்படுபவர். விலங்குகள் தொடர்பாக மனிதனுக்குள்ள கடமைகள் நேரானவையல்ல. அவை மனிதர்க்குரிய கடமைகளின் வழிவந்தவையே எனவும் அவர் கருதினார். இதற்கு மாறாக, செயலின் விளைவையே உரைகல்லாகக் கொண்ட ஜெரமி பெந்தம், துன்பத்தை உணரும் ஆற்றலே ஓருயிரை அறத்தின் எல்லைக்குள் கொண்டுவரப் போதுமானது என 1789 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே சுட்டிக்காட்டினார். கூட்டை அணுகுபவர் பெரும்பாலும் முதலாஞ் சாராரின் வாதத்தையே தமக்குத் துணையாகக் கொள்வர். தாம் பறவைகளை நேசிப்பவர், வேடர் அல்லர் என்பது அவர்கள் கூறும் அமைதி. அது பொய்யன்று. ஆனால், நேசிப்பவர் என்ற காரணத்தினாலேயே அவர்கள் வேடரிலும் பன்மடங்கு தடவைகள் அக்கூட்டை நாடிச் செல்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

விளைவையே நோக்கினும் ஒரு சிக்கல் உண்டு. பிறனொருவனை அடித்தவன் அவனது வலியைத் தன் கண்ணாற் காண்கின்றான். கூட்டைக் கண்டு திரும்பியவனோ விளைவு தோன்றுமுன்னரே அவ்விடத்தை விட்டு நீங்கிவிடுகின்றான். அவன் சென்றபின் பறவை மீண்டதா, முட்டை பொரித்ததா, அவனது காலடித் தடத்தைப் பற்றிக் கீரி வந்ததா என்பன அவனுக்குத் தெரியா. அவன் மனத்தில் எஞ்சுவது இனியதொரு நினைவு மாத்திரமே. தன் செயலின் தீய பயனைத் தான் காணாதிருத்தலால் அவனது மனச்சான்று என்றும் உறுத்துவதில்லை. மனச்சான்றையே வழிகாட்டியாகக் கொள்ளும் எந்த ஒழுக்கமும் இத்தகைய இடங்களிற் போதாது என்பது இதனாற் புலனாகும். அறியப்படாத தீங்கைப் பற்றியும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் அறிவு, அறத்தின் ஒரு பகுதியாகவே அமைதல் வேண்டும்.

பறவை அரியதாக இருக்கும்பொழுது இச்சிக்கல் மேலும் வலுப்பெறுகின்றது. தமிழில் ‘அருமை’ என்னுஞ் சொல் கிடைத்தற்கு அரிதாந் தன்மையையும் உணர்த்தும், மதிப்பையும் உணர்த்தும். எளிதிற் கிடையாதது எதுவோ அதுவே உயர்ந்ததெனக் கொள்ளும் மனித இயல்பை இச்சொல் ஒருங்கே காட்டி நிற்கின்றது. இவ்வியல்பினால் விளையக்கூடிய கேட்டுக்கு வடவத்திலாந்திக் கடலில் வாழ்ந்த பெரிய ஓக் எனும் பறவையின் வரலாறு தக்க சான்றாகும். பறக்கமாட்டாத இக்கடற்பறவை, இறைச்சிக்காகவும் இறகுக்காகவும் எண்ணற்று வேட்டையாடப்பட்டு அருகிற்று. அருகிய பின்னரேனும் அதனை விட்டுவைத்தனரா எனின் இல்லை. அரியதாயிற்று என்பதனாலேயே அரும்பொருட் சேகரிப்பாளர்கள் அதன் தோலுக்கும் முட்டைக்கும் மிகுந்த விலை கொடுக்க முன்வந்தனர். 1844 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஐஸ்லாந்தின் அருகிலுள்ள எல்டி என்னும் பாறைத் தீவில், அறியப்பட்ட கடைசி இணையும் இவ்வாறே கொல்லப்பட்டது. அருகிப்போதல் அப்பறவைக்குக் காவலாகாமல் விலையாயிற்று.

இன்று சேகரிப்போர் குறைந்துவிட்டனர். ஒளிப்படம் எடுப்போர் பெருகிவிட்டனர். இது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும், அருமையை உடைமையாக்க விழையும் மனப்பாங்கு முற்றாக நீங்கிவிட்டதெனக் கூறுதற்கில்லை. பிறர் காணாததைத் தாம் கண்டதாகக் காட்டும் வேட்கையில், கூட்டை மறைத்திருக்கும் இலைகளையும் கிளைகளையும் ஒதுக்கிப் படம் பிடிப்போர் உளர். அவ்விலைகளே குஞ்சுகளுக்கு நிழலும் மறைவுமாகும் என்பது அவர்கள் சிந்தையிற் படுவதில்லை. பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து, எதிரி வந்துவிட்டதென ஆண்பறவையை மயக்கி வெளிக்கொணர்வோரும் உளர். ‘ஒருமுறை மாத்திரமே’ என்பது இவர்கள் ஒவ்வொருவரும் கூறும் சமாதானம். காண்பவருக்கு அது ஒருமுறையே. ஒருவர்பின் ஒருவராகப் பத்துப்பேர் வருமிடத்துக் கூட்டிலுள்ள பறவைக்கு அது பத்தாம் முறை. தனித்தனியே நோக்குமிடத்துச் சிறியனவாகத் தோன்றும் செயல்கள், ஒன்றுசேருமிடத்துப் பெருந்தீங்காதல் சமுதாய வாழ்வின் பல துறைகளிலும் காணப்படும் உண்மையாகும்.

இதுகாறுங் கூறியவற்றைக் கொண்டு, அரிய பறவைகளின் கூடுகளை எவருமே அணுகலாகாது என முடிவு செய்துவிடலாமா? அவ்வாறு முடிவு செய்தலும் தவறாகும் என்பதற்கு வல்லூறுகளின் வரலாறு சான்று பகரும். 1960 ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில், பந்தயப் புறா வளர்ப்போர், பைரி எனப்படும் வல்லூறுகள் தம் புறாக்களை அழிப்பதாக முறையிட்டனர். இதன் உண்மையை ஆராயும்பொருட்டு 1961, 1962 ஆம் ஆண்டுகளில் வல்லூறுகளின் தொகை கணக்கிடப்பட்டது. மிகுந்திருப்பதாக முறையிடப்பட்ட பறவை உண்மையில் வேகமாக அழிந்து வருவதை அக்கணக்கெடுப்பு வெளிப்படுத்திற்று. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. காரணம் தேடிய டெரெக் றற்கிளிவ் என்னும் இயற்கையியலாளர், முன்னைய தலைமுறையினர் கூடுகளிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்திருந்த முட்டையோடுகளை நிறுத்து ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதி தொடக்கம் ஓடுகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு எடை குறைந்துவிட்டமை புலனாயிற்று. 1967 ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். டி.டி.ரி. முதலான பூச்சிகொல்லிகளே ஓடு மெலிதற்குக் காரணம் என்பது தொடர்ந்து வந்த ஆய்வுகளினால் உறுதியாயிற்று. அம்மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்டபின் வல்லூறுகள் மீண்டும் பெருகின.

இவ்வரலாறு ஒழுக்கவியல் மாணவருக்கு ஒரு கடினமான வினாவை முன்வைக்கின்றது. கூடுகளைக் கொள்ளையிட்டுச் சேர்த்த முட்டைகளே அப்பறவையினத்தைக் காக்கும் சான்றாகவும் அமைந்தன. அவ்வாறெனின் அக்கொள்ளை நியாயமாகிவிடுமா? ஆகாது. முட்டைகளை எடுத்தவர்கள் எதிர்காலத்தில் டி.டி.ரி. என்றொரு நஞ்சு தோன்றும் என்பதை அறிந்து எடுத்தவர்கள் அல்லர். தம் பேழையை நிரப்புதற்கே எடுத்தனர். தற்செயலாய் விளைந்த நன்மையைச் செய்தவர் கணக்கிற் சேர்த்தல் முறையன்று. ஆயினும் வேறொரு படிப்பினையை இங்கு மறுக்கமுடியாது. 1961 இல் எவரும் வல்லூறுகளின் கூடுகளை அணுகாதிருந்திருப்பின், தொந்தரவு செய்யாத நல்லோர் மத்தியிலேயே அப்பறவை நஞ்சுண்டு அற்றுப்போயிருக்கும். முன்னர்க் கூறிய அனுமன் உப்புக்கொத்தியும் அத்தகையதே. அது தனியினம் என்பதே அறியப்படாதிருந்த காலத்தில், அதன் அழிவு ஓர் இனத்தின் அழிவெனக் கணக்கிடப்பட்டிருக்க மாட்டாது. அறியாததைக் காத்தல் அரிது. ஆகவே வினா, காணலாமா என்பதிலிருந்து எவ்வாறு காணுதல் வேண்டும் என்பதற்கு மாறுகின்றது.

இவ்வினாவுக்கு விடை காண முயன்ற ஒரு முன்னோடி நிகழ்ச்சி ஸ்கொட்லாந்தில் இடம்பெற்றது. மீனையே உணவாகக் கொள்ளும் விராலடிப்பான் என்னும் வேட்டைப்பறவை, நமது களப்புக்களுக்கும் குளிர்காலத்தில் வந்து செல்வது. ஸ்கொட்லாந்தில் அதன் கூடுகளும் முட்டைகளும் இடையறாது சூறையாடப்பட்டமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அது அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. 1950களில் ஓரிணை மீண்டும் லொக் கார்ட்டன் என்னும் ஏரியை அடுத்த காட்டிற் கூடுகட்ட முயன்றது. பறவைகள் பாதுகாப்புக்கான றோயல் சங்கத்தினர் இடத்தை இரகசியமாக வைத்துக் காவலும் புரிந்தனர். ஆயினும் 1958 ஆம் ஆண்டில் ஓரிரவு, காவலர் இருக்கவே ஒருவன் மரமேறி முட்டைகளைக் கவர்ந்தான். அவற்றுக்குப் பதிலாகச் சாயம் பூசிய கோழி முட்டைகளே கூட்டிற் காணப்பட்டன. அடுத்த ஆண்டில் சங்கத்தின் ஸ்கொட்லாந்துப் பொறுப்பாளரான ஜோர்ஜ் வோட்டர்ஸ்டன் எவரும் எதிர்பாராத முடிவொன்றை மேற்கொண்டார். கூடு இருக்கும் இடம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. தக்க தொலைவில் மறைகுடில் ஒன்றை அமைத்து, தொலைநோக்கி வழியே கூட்டைக் காணுமாறு பொதுமக்கள் அழைக்கப்பட்டனர். அவ்வாண்டில் ஏறத்தாழ 14,000 பேர் வந்து கண்டனர். மூன்று குஞ்சுகள் பொரித்துப் பறந்தன. இன்று பிரித்தானியாவில் இருநூறுக்கு மேற்பட்ட இணைகள் கூடுகட்டுகின்றன.

இங்கு வெற்றி கண்டது வெளிப்படைத்தன்மை மாத்திரம் என எண்ணுதல் மேலெழுந்தவாரியான முடிவாகும். 14,000 பேரும் கூட்டின் கீழே சென்று நின்றிருப்பின், அவர்களது அன்பே அக்கூட்டை அழித்திருக்கும். தொலைவு, மறைப்பு, காவல் என்னும் மூன்றும் அவ்வெளிப்படையோடு இணைக்கப்பட்டிருந்தன. கண்டு சென்ற ஒவ்வொருவரும் கூட்டைப்பற்றி அக்கறை கொண்டவராய் மாறியமையும் கருதத்தக்கது. ஒரு சிலரிடம் அடைபட்டிருந்த இரகசியத்தைக் கள்வன் ஒருவன் அறிந்தாற் போதும். பலருடைய பொதுச்சொத்தாகிவிட்ட கூட்டைக் கவர்தல் எளிதன்று. எனினும், இம்முறையை எல்லா இடங்களுக்கும் பொதுவிதியாக்க முடியாது. காவல் நிறுத்தவும் மறைகுடில் கட்டவும் வசதியில்லாத காட்டிலோ மணற்றிட்டிலோ இருக்கும் கூட்டை அறிவித்தல், அதனைக் கைவிடுதலுக்கு ஒப்பானது. அவ்விடங்களில் மௌனமே காவலாகும்.

மௌனம் என்றதும் உண்மை பேசுதல் பற்றிய பிரச்சினை எழுகின்றது. அறிவு யாவர்க்கும் பொது, கண்டதை வெளியிடுதல் விஞ்ஞானியின் கடமை என்பது நவீன விஞ்ஞானத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. அரிய கூட்டைக் கண்டவர் இடத்தைக் கூறாது மறைத்தல் அந்நெறிக்கு இழுக்காகாதா? திருக்குறள் வாய்மையை வரையறுக்குமிடத்து, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுதலை அளவுகோலாகக் கொள்ளாமல், தீமை பயவாமையையே அளவுகோலாகக் கொண்டிருத்தல் இங்கு நினைவுகூரத்தக்கது. கண்ட பறவை யாது, எத்தனை முட்டைகள், எத்தனை குஞ்சுகள் பறந்தன என்பவற்றை வெளியிட்டு, இடத்தை மாத்திரம் பாதுகாப்பவரிடம் ஒப்படைத்தல் பொய்யாகாது. அறிவின் பொதுமையும் இதனாற் குன்றுவதில்லை. பறவை அவதானிப்புக்களைத் திரட்டும் ஈபேர்ட் என்னும் இணையப் பதிவேடும், இடரை எதிர்நோக்கும் இனங்கள் பலவற்றின் துல்லியமான இடத்தை மறைத்தே வெளியிடுகின்றது. கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படமே இடத்தைச் சுட்டிவிடும் இக்காலத்தில் இக்கட்டுப்பாடு முன்னெப்பொழுதையும்விட அவசியமாகின்றது. ஆட்காட்டி என்னும் பறவை, மனிதன் வருவதைக் கூவிக் காட்டிக்கொடுப்பதனால் அப்பெயர் பெற்றது. தன் கூட்டைக் காக்கவே அது கூவுகின்றது. மனிதன் பறவையைக் காட்டிக்கொடுத்தற்கு அத்தகைய நியாயம் எதுவுமில்லை.

விஞ்ஞானம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டமைக்கு அண்மைக்காலச் சான்றொன்றும் உண்டு. புதிய இனமொன்றை விபரிக்குங்கால், அவ்வினத்தின் உயிரொன்றைக் கொன்று மாதிரியாக அருங்காட்சியகத்தில் வைத்தல் நெடுநாளைய வழக்கம். இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்திலுள்ள ஈகிள்நெஸ்ற் சரணாலயத்தில், அதுவரை அறியப்படாத சிறு பறவையொன்றை ரமணா ஆத்ரேயா என்பவர் கண்டார். வானியல் ஆய்வையே தொழிலாகக் கொண்டவர் அவர். விரல்விட்டு எண்ணக்கூடிய சில பறவைகளே அங்கு இருப்பதாகத் தோன்றியமையால், அவற்றுள் ஒன்றையேனும் கொல்ல அவர் உடன்படவில்லை. வலையிற் சிக்கிய பறவையிடமிருந்து கிடைத்த இறகுகளையும் ஒளிப்படங்களையும் குரற்பதிவையும் சான்றாகக் கொண்டு 2006 ஆம் ஆண்டில் அவ்வினத்தை விபரித்தார். பறவை விடுவிக்கப்பட்டது. அப்பகுதியில் வாழும் புகுன் மக்களின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. சான்றின் நிறைவில் ஒரு சிறு பகுதியை விட்டுக்கொடுத்து, சான்றுக்குரிய உயிரை அவர் காத்தார். அறிவுக்கும் அறத்துக்கும் முரண்பாடு தோன்றுமிடத்து, அறிவு ஒருபடி தாழ்ந்து கொடுத்தலால் அது அழிந்துவிடுவதில்லை என்பதற்கு இது உதாரணமாகும்.

இவற்றுக்கு எதிராகச் சமூக நோக்குடையோர் ஓர் ஆட்சேபத்தை எழுப்பலாம். பறவையைத் தொந்தரவு செய்யலாகாது என்பது வயிறு நிறைந்தோரின் அறமன்றோ? மணற்றிட்டில் கரைவலை இழுப்பவனும், காட்டில் விறகு பொறுக்குபவளும் பறவையின் கூட்டைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? இவ்வாட்சேபத்தைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. தேவைக்கும் ஆவலுக்கும் இடையே வேறுபாடு உண்டு. தன் பிழைப்புக்காகக் கரையில் நடப்பவன் பறவையோடு அக்கரையைப் பங்கிட்டு வாழ்பவன். நகரத்திலிருந்து கண்ணின்பத்துக்காக வருபவனுக்கு அத்தகைய உரித்து இல்லை. ஆகவே கட்டுப்பாட்டின் முதற்சுமை, விலகி நிற்க எளிதில் இயன்றவராகிய காண்போர்மீதே சார்தல் வேண்டும். கரையில் வாழ்வோரை வேலியிட்டு அகற்றிவிட்டு, உல்லாசப் பயணிகளை வாகனங்களில் ஏற்றிச் சென்று காட்டும் ‘பாதுகாப்பு’ அறத்தின் பெயராற் செய்யப்படும் அநீதியே.

அன்றியும், எளிய மக்களிடம் இவ்வறம் இல்லையெனக் கூறுதலும் உண்மைக்கு மாறானது. தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடுகட்ட வரும் பறவைகள் அஞ்சுமென்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. 1977 ஆம் ஆண்டில் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளைப் பேணும் வழக்கமோ மக்களுடையது. அதே மாவட்டத்தைச் சேர்ந்த பொத்தக்குடி என்னும் ஊரில், 2020 ஆம் ஆண்டிலே, தெருவிளக்குகளுக்குரிய மின்விசைப் பெட்டியினுள் சிறு குருவியொன்று கூடுகட்டி முட்டையிட்டது. விளக்கைப் போடவேண்டின் அப்பெட்டியைத் திறந்தாகவேண்டும். ஊரார் கலந்துபேசி, குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேலாகத் தெருவிளக்குகளை ஏற்றாமல் இருளிலே நடந்தனர். அக்குருவி அரிய இனத்தது அன்று. அதனாற் புகழோ வருவாயோ கிடைக்குமென அவர்கள் எதிர்பார்த்ததுமில்லை. பறவையைக் காண்பதற்கு எவரும் விளக்கேந்தி வரவில்லை. காணாமலிருப்பதற்காகவே விளக்கை அணைத்தனர். ஒழுக்கவியல் நூல்கள் எதனையும் கல்லாதார் செய்த இச்செயல், கற்றோர் தம் ஆவலை அளந்து பார்த்தற்குரிய ஓர் அளவுகோலாகும்.

இச்செயலுக்கு மிகப் பழைய இலக்கிய முன்னோடியும் தமிழில் உண்டு. அகநானூற்றின் நான்காம் பாட்டில், வினைமுடித்து மீளும் தலைவன் கார்காலத்துக் காட்டுவழியே தேரிலே விரைந்து வருகின்றான். பூக்களில் இணையோடு உறையும் வண்டுகள் மணியோசை கேட்டுக் கலங்கும் என அஞ்சி, அவன் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகின்றான். வண்டுகளைக் குறிக்கப் புலவர் குறுங்குடி மருதனார் கையாண்ட சொல்லும் பறவை என்பதே. தலைவனின் அன்பு நெஞ்சைப் புலப்படுத்தும் உத்தியாகவே உரைகாரர் இதனை விளக்குவர். ஆயினும் இங்கு எடுத்துக்கொண்ட வினாவுக்கும் அதனில் விடை உண்டு. தலைவன் தேரை நிறுத்திவிடவில்லை. தலைவி காத்திருக்கின்றாள், அவன் சென்றேயாகவேண்டும். அதற்காக வண்டுகளைப் பொருட்படுத்தாது விரையவுமில்லை. செலவை விடாது, ஓசையை மாத்திரம் அடக்கினான். தன் நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும், அதனால் எழும் ஓசைக்குத் தானே பொறுப்பு என்பதை அவன் உணர்ந்திருந்தான். வல்லூறுகளைக் கணக்கிடச் செல்லும் ஆய்வாளனுக்கும், உப்புக்கொத்தியைக் காணச் செல்லும் மாணவனுக்கும் இவ்விரண்டுமே வேண்டப்படுவன: செல்லுதற்குத் தக்க காரணமும், மணிநாவைக் கட்டும் அடக்கமும்.

அடக்கம் என்பது வெறும் மனநிலையாக நின்றுவிடாமல் நடைமுறையாதல் வேண்டும். கூட்டுக்கும் காண்போருக்கும் இடையிலுள்ள தக்க தொலைவு யாதென்பதைக் காண்போர் தீர்மானித்தல் ஆகாது; பறவையே தீர்மானித்தல் வேண்டும். அது தலைநிமிர்த்தி அசைவற்றிருப்பின், அபாயக்குரல் எழுப்பின், இறகொடிந்ததுபோல் நடித்து விலகின், உணவை அலகிற் கொண்டும் கூட்டுக்குச் செல்லாது தயங்கின், தொலைவு போதாது என்பதே அதன் பொருள். நண்பகல் வெயிலிலும் மழையிலும் கூட்டை நாடாதிருத்தல், இலையை விலக்காதிருத்தல், குரற்பதிவை ஒலிக்காதிருத்தல், கூட்டை நோக்கிப் புதிய தடம் பதியாதிருத்தல், இடத்தை வெளியிடாதிருத்தல் ஆகியன இவ்வடக்கத்தின் கூறுகள். பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம், அட்டவணைப்படுத்தப்பட்ட பறவைகளைக் கூட்டிலோ கூட்டருகிலோ வேண்டுமென்றே தொந்தரவு செய்தலைக் குற்றமாக்கிற்று. இலங்கையிலும் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் உண்டு. ஆனால் எவருமற்ற சதுப்புநிலத்தில் ஒருவரைக் கட்டுப்படுத்தக் காவலரும் இல்லை, சாட்சியும் இல்லை. சட்டத்தின் கை எட்டாத அவ்விடத்திலேயே ஒழுக்கம் தன் உண்மையான சோதனையை எதிர்கொள்கின்றது.

அச்சோதனையின் உச்சம், காணாமலே திரும்புதல் ஆகும். நெடுந்தூரம் நடந்து, பல நாள் காத்திருந்து, இன்னும் பத்து அடி வைத்தாற் கூடு தெரியும் என்ற நிலையில், பறவையின் அபாயக்குரல் கேட்டுப் பின்வாங்குபவர் ஒன்றையும் இழக்கவில்லையெனக் கூறுதல் போலியான ஆறுதல். அவர் இழக்கின்றார், மீண்டும் கிட்டாத ஒரு காட்சியையே இழக்கக்கூடும். அவ்விழப்பை அறிந்தே ஏற்றுக்கொள்வதனாலேயே அச்செயல் அறமாகின்றது. பிறிதின் நோயைத் தன்னோய்போற் போற்றல் என்பது நம் மரபில் அறிவின் பயனாகவே கூறப்பட்டு வந்துள்ளது. கண்டு பெறும் அறிவு பெரிது. தன்னைக் காண்பவரிடமிருந்து ஒதுங்கி வாழ விரும்பும் ஓருயிரின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என உணரும் அறிவு அதனினும் பெரிது. அவ்வறிவு வாய்க்கப்பெற்றோர் பெருகுமிடத்து, அரிய பறவைகள் காணப்படாமலே ஆயினும், கூடுகட்டி வாழ்ந்துகொண்டிருக்கும்.